வேலைக்காடும் வீடும்: வாசகர் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

இந்த முறை கைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலை இடத்தைப் பற்றியவை. சம்பளம் போதாது என்ற பேச்சை விட லீவு, பிள்ளை, துக்க வீடு, காசு சேர்ப்பது, சாப்பாட்டு மேசை என்றுதான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். நான் நுவரெலியா மாவட்டத்தில் தேயிலை பொதி செய்யும் ஒரு கம்பெனியில் 26 வருஷம் சம்பளக் கணக்கு எழுதினவள். அம்மா டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவர் கடைசி வரைக்கும் என் ஆபீஸையும் "வேலைக்காடு" என்றுதான் சொன்னார், அதனால் எனக்கும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன், சில பதில் நீளும், சிலதுக்கு நாலு வரி போதும்.

கேள்வி: அக்கா, ஏ.எல். முடித்துவிட்டு கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் இரண்டு வருஷம் நின்றேன். இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. இன்டர்வியூவில் மெனேஜர், "இங்கே நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம், பிள்ளைகுட்டி உள்ளவர்களுக்குத் தோதான இடம்" என்று சொன்னார். ஆனால் சம்பளம் கொழும்பை விட 8,000 ரூபா குறைவு. அந்தப் பேச்சை நம்பிப் போகலாமா? (தலவாக்கலை வாசகி)

பதில்: முதலில் அந்த 8,000 ரூபாவைப் பார்ப்போம் தங்கச்சி. கொழும்பில் போர்டிங் காசு, மூன்று வேளைச் சாப்பாடு, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வந்து போகிற பஸ் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அநேகமாக அந்தக் காசு வீட்டுச் சோற்றிலேயே திரும்பி வந்துவிடும். ஆகவே சம்பளம் பெரிய கேள்வி இல்லை, அந்தக் "குடும்பம்" என்ற சொல்தான் கேள்வி.

நம் ஆட்களுக்கு அந்தச் சொல் புதிது இல்லை. துரைதான் தாய் தகப்பன் என்று சொல்லியே நாலைந்து தலைமுறையை ஓட்டினார்கள். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தம்பிக்கு இரவெல்லாம் காய்ச்சல், விடியக்காலையில் அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அன்றைய வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக் களத்துக்கு ஓடிய அம்மா, பிந்திவிட்டது என்று பேர் போடாமல் திருப்பி அனுப்பப்பட்டார். கூடையும் படங்கும் அப்படியே தோளில் இருக்க, நேரே வீட்டுக்கு வராமல், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் திட்டவும் இல்லை, அழவும் இல்லை, மாவைப் பிசைந்து ரொட்டி சுட ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரு கம்பெனி தன்னைக் குடும்பம் என்று சொன்னால் உடனே கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: காலை பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்தால் உங்கள் இடத்தில் என்ன நடக்கும்?

எங்கள் இடத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பொதி செய்கிற பெல்ட்டில் ஆறு பேர் நிற்பார்கள். போன் வந்தால் கேட்டில் இருக்கிற அண்ணன் வந்து பெயரைச் சொல்வார். அந்தத் தாய் தொப்பியைக் கழற்றுவதற்குள் பக்கத்தில் நிற்பவள் அரை அடி நகர்ந்து இரண்டு பேர் வேலையையும் கையில் எடுத்துக்கொள்வாள். சுப்பவைசர் துண்டில் நேரத்தை மட்டும் எழுதிக் கொடுப்பார், காரணம் கேட்க மாட்டார். அந்தத் துண்டு என் மேசைக்கு வரும், மாதக் கடைசியில் அந்த நேரத்தை அரை நாள் லீவில் கழிப்போம், அல்லது அவளே இன்னொரு நாள் நின்று ஈடு செய்வாள். அவ்வளவுதான். யாரும் மெனேஜரின் கதவு முன்னால் நின்று கெஞ்சவில்லை. முதல் எட்டு வருஷம் எங்களிடமும் இப்படி இல்லை, ஒரு சண்டைக்கு அப்புறம்தான் வந்தது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஆகவே நீங்கள் மெனேஜரிடம் மறுபடி கேட்க வேண்டாம். அங்கே வேலை முடிந்து வெளியே வருகிற அக்காமார் ஏறும் பஸ்ஸில் இரண்டு நாள் ஏறுங்கள். சம்பளம் 10ஆம் திகதிக்குள் கிடைக்கிறதா, சம்பளச் சீட்டு தருகிறார்களா, ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்களிடம் பிடிக்கிற 8 வீதத்தோடு அவர்கள் போட வேண்டிய 12 வீதமும் ஒழுங்காகப் போகிறதா என்று கேளுங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியம் (ஈ.டி.எஃப்.) என்று இன்னொரு 3 வீதம் இருக்கிறது, அது முழுக்க முதலாளி போட வேண்டியது, உங்கள் சம்பளத்தில் ஒரு சதம் கழிக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்து, பத்து வருஷத்துக்கு மேல் நிற்கிற அக்காமார் இரண்டு பேராவது அந்த பஸ்ஸில் இருந்தால் தைரியமாகப் போங்கள். எல்லாருமே ஆறு மாதத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த பிள்ளைகளாக இருந்தால் யோசியுங்கள்.

கேள்வி: மூன்றாவது பிள்ளை வயிற்றில். மூன்றாவதுக்கு 42 நாள்தான் லீவு என்று ஆபீஸில் சொல்கிறார்கள். உண்மையா? திரும்ப வேலைக்கு வந்தால் பால் கொடுக்கப் போக விடுவார்களா? (பண்டாரவளை வாசகி)

பதில்: அது பழைய கணக்கு. முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்று இருந்தது, 2018இல் சட்டத்தைத் திருத்தி எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கிவிட்டார்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு அந்த 84 நாளில் வார விடுமுறை, போயா, அரச விடுமுறை நாட்கள் சேராது. உங்கள் ஆபீஸில் எண்ணுகிறவர் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து எண்ணினால் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள், பல பேர் தெரியாமல்தான் செய்கிறார்கள்.

பால் கொடுக்கிற நேரம் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் வேலை செய்கிற தாய்மாருக்கு மகப்பேற்று நன்மைகள் சட்டத்திலேயே இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை 9 மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை. பிள்ளையைப் பார்க்க அங்கேயே இடம் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் இதில் சேராது, அது வேறு. அந்தச் சட்டம் முதலில் வந்தது 1939இல் என்பதையும் சொல்லி வைக்கிறேன், யாரோ புதிதாகத் தரும் சலுகை என்று நினைத்துத் தயங்காதீர்கள். ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்வர முடியாத தூரம் என்றால், இரண்டையும் சேர்த்துப் பின்னேரம் நேரத்தோடு போக விடுங்கள் என்று எழுதிக் கேளுங்கள். எங்கள் கம்பெனியில் மூன்று தாய்மார் அப்படி இரண்டரை மணி பஸ்ஸுக்குப் போனார்கள்.

கேள்வி: எங்கள் கம்பெனி பிள்ளைகளைப் பார்க்க ஒரு அறை கட்டப் போகிறதாம். கொழும்புப் பெரிய கம்பெனிகளில் இருப்பது போல என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நம் ஊருக்கு இது சரிவருமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: நம் ஊரில் இல்லாததா தம்பி? பிள்ளைக் காம்பராவில் வளராத ஆள் யார் நம்மில்? இப்போது அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள், பயிற்சி எடுத்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், சுவரில் படம் இருக்கிறது. எங்கள் காலத்தில் நீளமான ஒரு அறை, கூரையில் கட்டின சேலைத் தொட்டில் வரிசையாக, ஒரு ஆயா. காலையில் அம்மா என்னைக் கொண்டுபோய் விடும்போது ஆயா பெயர் கேட்க மாட்டார், தொட்டிலைத்தான் கேட்பார், "மூனாவது தொட்டிலா, வா" என்பார். பத்து மணிக்குக் கொழுந்து நிறுக்க வருகிற தாய்மார் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப மலைக்குப் போவார்கள்.

அதில் குறையும் நிறைய இருந்தது. ஒரு ஆயாவுக்கு முப்பது பிள்ளை இருந்தால் அவர் என்ன செய்வார்? ஆகவே உங்கள் கம்பெனியில் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் பார்ப்பார்கள், சுடுதண்ணீர் இருக்கிறதா, தாய்க்கு வேலை நேரம் கூடினால் அறையும் அதுவரை திறந்திருக்குமா? ஆறு மணி வரை வேலை, ஐந்து மணிக்கு அறை பூட்டு என்றால் அது ஒருவருக்கும் உதவாது. இன்னொன்று, அப்பாமாரின் பிள்ளைகளையும் எடுப்பார்களா என்று நீங்களே கேளுங்கள். உங்கள் மனைவி மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்து நீங்கள் கம்பெனியில் இருந்தால், பிள்ளை உங்களோடு வருவதுதானே நியாயம்.

கேள்வி: மனைவிக்குப் பிரசவம். எனக்கு எத்தனை நாள் லீவு? (மஸ்கெலியா வாசகர்)

பதில்: அரச ஊழியருக்கு 3 நாள் உண்டு. தனியார் துறையில் அப்பாவுக்கென்று சட்டத்தில் தனி லீவு இல்லை, கம்பெனி விரும்பித் தந்தால்தான். கடை, அலுவலக வேலை என்றால் உங்கள் 7 நாள் அமய (கஷுவல்) லீவையும் 14 நாள் வருடாந்த லீவையும் இப்போதே எண்ணி, கொஞ்சத்தைப் பிரசவத்துக்கு ஒதுக்கி வையுங்கள். ஆஸ்பத்திரியில் நிற்பதை விட, மனைவி வீட்டுக்கு வந்த பிறகு வருகிற முதல் வாரம்தான் நீங்கள் அதிகம் தேவைப்படும் நேரம். சுடுதண்ணீர் வைக்கவும், மூத்த பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பவும், தண்ணீர் தூக்கவும் ஆள் வேண்டும். மாமியார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் இடத்தில் மாதம் மூன்று நாலு தடவை காசு சேர்க்கிறார்கள். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பேர்த்டே, துக்க வீடு, எல்லாவற்றுக்கும் ஒரு லிஸ்ட் வருகிறது. மேலே மெனேஜர் 2,000 என்று எழுதியிருப்பார், கீழே நான் 200 என்று எழுதக் கை கூசுகிறது. கொடுக்காவிட்டால் ஒற்றுமை இல்லாதவள் என்கிறார்கள். என்ன செய்வது அக்கா? (நோர்வூட் வாசகி)

பதில்: இந்தக் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். உங்களைப் போலக் கை கூசினவர்களின் லிஸ்டை எத்தனை வருஷம் நானே மேசை மேசையாகக் கொண்டு போயிருக்கிறேன். தப்பு என்று தெரியவே நாளாயிற்று.

தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே தொகை, மாதம் மாதம் ஒரு சின்னக் காசு. கங்காணிக்கும் அதேதான், ஒண்டியாக இருக்கிற கிழவிக்கும் அதேதான். சாவு விழுந்தால் யாரும் லிஸ்ட் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள், கதிரை வரும், படங்கு கட்ட ஆள் வரும், தேயிலை, சீனி, பிஸ்கட் வரும். கொடுத்தவன் யார், எவ்வளவு என்ற பேச்சே எழாது. படிப்பு இல்லாதவர்கள் என்று நாம் சொல்கிற நம் பாட்டன்மார் இவ்வளவு நுட்பமாக யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆபீஸுக்கு வந்த நாம் அதை விட்டுவிட்டு, பெயரும் தொகையும் எழுதின லிஸ்டைப் பிடித்துக்கொண்டோம்.

எங்கள் கம்பெனியில் பிற்பாடு அதை மாற்றினோம். மாதம் 100 ரூபா, எல்லாருக்கும் ஒன்றுதான், மெனேஜருக்கும் 100தான். சம்பளத்தில் கழிப்பதற்கு ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினோம், அது இல்லாமல் கழிக்கக் கூடாது. ஒரு கொப்பி. அதைப் பார்க்க இரண்டு பேர், ஒரு தமிழ் அக்கா, ஒரு சிங்கள நங்கி. சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் அந்தக் காசு. கல்யாணத்துக்கு மூடின உறை ஒன்று மேசை மேசையாகப் போகும், விரும்பினவர் விரும்பினதைப் போடலாம், பெயர் இல்லை. பேர்த்டேக்குக் காசே இல்லை, பத்து மணித் தேத்தண்ணியோடு ஒரு வடை, பாட்டுப் பாடத் தெரிந்தவர் பாடுவார்.

அந்தக் கொப்பியில் என் பெயரும் வந்தது. அம்மா போனபோது ஒரு ஜூன் மாதம், தென்மேல் பருவ மழை கொட்டுகிறது. ரோடு முடிகிற இடத்திலிருந்து லயத்துக்கு முக்கால் மைல் ஏற வேண்டும். இருட்டின பிறகு டோர்ச் வெளிச்சம் வரிசையாக ஏறி வருகிறது, பார்த்தால் எங்கள் பெல்ட்டுப் பிள்ளைகள் பதினாலு பேர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கூடவே சுப்பவைசரும் வந்திருந்தார், கண்டிப்பானவர், ஐந்து நிமிடம் பிந்தினாலும் முகத்தைத் திருப்புகிறவர். வந்து அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று பார்த்தால், அந்தச் சுப்பவைசர் அம்மா நேரே பீலிக்கரைக்குப் போய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேத்தண்ணி கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். அந்தக் குளிர்த் தண்ணீரில் ராத்திரி ஒரு மணி வரைக்கும். எங்கள் சொந்தக்காரர்கள் யார் இது என்று கேட்டபோது என்ன சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை, "எங்க ஆளு" என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் செய்யக்கூடியது: தனியாகப் போய்ச் சொல்லாதீர்கள், உங்களைப் போலக் கை கூசுகிற நாலு பேர் கட்டாயம் இருப்பார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு லிஸ்ட் கொண்டுவருகிறவரிடமே பேசுங்கள். பெயர் எழுதாத உறை ஒன்று வைப்போம் என்று மட்டும் முதலில் கேளுங்கள். அதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். அதுவரைக்கும் 200 ரூபாவைத் தலை நிமிர்ந்து எழுதுங்கள், உங்கள் 200 ரூபா எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கேள்வி: நான் சுப்பவைசர். எனக்குக் கீழே ஒரு பிள்ளைக்குக் குழந்தை சின்னது, அடிக்கடி நேரத்தோடு போகிறாள். கல்யாணம் ஆகாத பிள்ளைகள், "எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக அவள் வேலையையும் நாங்கள் செய்யவா" என்று முணுமுணுக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் போல இருக்கிறது. (நானுஓயா வாசகி)

பதில்: இரண்டு பக்கமும் நியாயம்தான். அந்த முணுமுணுப்பைப் பொறாமை என்று தள்ளிவிடாதீர்கள். கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் குடும்பம் இல்லை என்று யார் சொன்னது? அவளுக்கு டயாலிசிஸுக்குப் போகிற அப்பா இருக்கலாம், ஓ.எல். எழுதுகிற தம்பி இருக்கலாம். இரவு வகுப்புக்குப் போகிறவளாகக் கூட இருக்கலாம். தாய்க்கு மட்டும் விட்டுக்கொடுக்கிற இடமாக இருந்தால் மற்றவர்களுக்கு மனம் கசந்துதான் போகும், கடைசியில் அந்தக் கசப்பு முழுக்க அந்தத் தாயின் தலையில்தான் விழும்.

ஒரு கொப்பி போடுங்கள். நேரத்தோடு போகிறவர் எல்லாரும் அதில் போன நேரத்தையும் ஈடு செய்த நேரத்தையும் எழுதட்டும், காரணம் எழுத வேண்டாம். யாருக்கும் தேவைப்படலாம், யாரும் கேட்கலாம் என்று எல்லாரையும் நிற்க வைத்து நீங்களே சொல்லுங்கள். அப்புறம், வேலையைப் பிரிக்கும்போது அந்தப் பிள்ளை விட்டுப்போகிற கடைசி மணித்தியால வேலையை எப்போதும் ஒரே ஆளின் தலையில் கட்டாமல் சுற்றி விடுங்கள். பெரும்பாலும் முணுமுணுப்பு வருவது அங்கேதான், ஒரே ஆள் மாட்டிக்கொள்வதில். சட்டப்படி அவளுக்குள்ள பால் கொடுக்கும் நேரத்தை மட்டும் இந்தக் கொப்பியில் சேர்க்காதீர்கள், அதை அவள் ஈடு செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: மே மாதம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷம் லீவே கிடையாது என்கிறார்கள். சரியா? (ஹப்புத்தளை வாசகர்)

பதில்: கடை, அலுவலக வேலை என்றால் சரியில்லை. முதல் வருஷத்தில் இரண்டு மாதம் முடிய ஒரு நாள் வீதம் அமய லீவு உண்டு. மே மாதம் சேர்ந்ததால் அடுத்த வருஷம் உங்களுக்கு வருடாந்த லீவு 10 நாள், அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து 14. சண்டை போடாமல், உங்கள் பகுதித் தொழிற் காரியாலயத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவின் பெயரே "எங்கள் குடும்பம்" என்றுதான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கும் வேலை விஷயம் வருகிறது. பதில் போடாவிட்டால் திங்கட்கிழமை முகம் கொடுக்க முடியவில்லை. (நுவரெலியா வாசகர்)

பதில்: குழுவில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து மெனேஜரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வேலை விஷயத்துக்குத் தனிக் குழு ஒன்று, இரவு ஏழு மணிக்குப் பிறகு அதில் எழுதுவதில்லை, அவசரம் என்றால் போன். உண்மையிலேயே அவசரமானால் ஆள் போன் எடுக்கத்தான் செய்வார், இரவு பத்து மணிக்கு எழுதுகிறது முக்கால்வாசி மறந்துவிடக் கூடாதே என்று எழுதுவது. உங்கள் மெனேஜர் நல்லவராக இருந்தால் அவருக்கே இது தெரியாமல் இருக்கும், சொன்னால் திருந்துவார். பழைய குழுவில் பிள்ளையின் ஸ்கூல் படம், திருவிழாப் படம், ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, வேறு வழியால் வாருங்கள் என்கிற செய்தி எல்லாம் வரட்டும். மழைக்காலத்தில் நம் பக்கத்துக்கு அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வி: எங்கள் கார்மென்ட்டில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு மேசை, சிங்களப் பிள்ளைகள் ஒரு மேசை, முஸ்லிம் பிள்ளைகள் வேறொரு மேசை. சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் பேச்சும் இல்லை. மூன்று வருஷமாகப் பக்கத்து மெஷினில் இருக்கிறவளின் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியாது. (பதுளை வாசகி)

பதில்: இதைக் கவலையாக எழுதியிருக்கிறீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். மேசையைக் கலக்க வேண்டும் என்று யாராவது உத்தரவு போட்டால் நடக்காது. பாஷை தெரியாமல் வாய் பேசாது, ஆனால் பார்சல் பேசும். எங்கள் இடத்தில் தொடங்கினது ஒரு கட்டச் சம்பலில். ரொட்டியும் மாசி போட்ட கட்டச் சம்பலும் கொண்டுவந்த ஒரு பிள்ளை, பக்கத்து மேசைப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு அரை ரொட்டியை மூடியில் வைத்து நீட்டினாள். அடுத்த நாள் அந்த மூடி திரும்பி வரும்போது அதில் பலாக்கொட்டை வறுத்தது இருந்தது. மூன்று வாரத்தில் நடுவில் இருந்த இடைவெளி குறைந்து இரண்டு மேசையும் முட்டிக்கொண்டன, யாரும் தள்ளவில்லை.

நீங்கள் நாளைக்கே அந்தப் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் போனில் உங்கள் பிள்ளையின் படத்தைக் காட்டுங்கள், அவளும் காட்டுவாள். சித்திரைப் புத்தாண்டு இரண்டு பேருக்கும் ஒரே நாளில்தான் பிறக்கிறது, பலகாரம் மாற்ற அதை விட நல்ல நாள் இல்லை. நோன்புக் காலத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு நோன்பு திறக்கிற நேரத்தில் ஐந்து நிமிடம் மெஷினை விட்டு எழும்ப முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் நீங்கள் ஒருத்தி போய் அவர்களுக்காகக் கேளுங்கள். ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து கேட்டால் அதற்கு வேறு கனம்.

நோட்டீஸ் போர்டையும் கவனியுங்கள். இரண்டு பாஷையிலும் போடச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிங்களத்தில் மட்டும் போட்ட நோட்டீஸை வாசிக்க முடியாமல் ஓவர்டைம் காசை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: நான் சின்ன முதலாளி. மரக்கறி பொதி செய்து கொழும்புக்கு அனுப்புகிறேன், ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். பெரிய கம்பெனி போலப் பிள்ளைகளுக்கு அறை கட்ட, ட்ரிப் கூட்டிப்போக வசதி இல்லை. ஆனாலும் ஆட்கள் சந்தோஷமாக நிற்க வேண்டும் என்று ஆசை. என்ன செய்யலாம்? (வெலிமடை வாசகர்)

பதில்: அண்ணா, ட்ரிப்பை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ட்ரிப் வைத்தால் வீட்டில் துணி துவைக்கக் கூட நாள் இல்லாமல் போகிறது என்று இந்தப் பத்திக்கு எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள். சம்பளம் ஒரே திகதியில் கொடுங்கள், ஒன்பது பேருக்கும் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டுங்கள், ஒரு ஆள் இருந்தாலும் கட்டத்தான் வேண்டும். பணிக்கொடைச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்துக்குத்தான், ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்தால், போகிற நாளில் வெறுங்கையோடு அனுப்ப வேண்டி வராது.

உங்களைப் போலவே ஒரு சின்ன முதலாளி எனக்குத் தெரிந்தவர். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கமெல்லாம் மண் சரிந்து ரோடு அடைபட்டபோது அவருடைய வேலையும் நின்றுபோனது. லொறி ஓடவில்லை, காரட்டும் லீக்ஸும் கொட்டிலிலேயே அழுகின. வேலைக்கு வந்த பிள்ளைகளில் மூன்று பேரின் லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. அவர் அந்தப் பொதி செய்கிற கொட்டிலைக் கழுவிவிட்டு, பலகைக்கு மேலே சாக்கை விரித்து அந்த மூன்று குடும்பத்தையும் அங்கேயே படுக்கவைத்தார். மற்ற ஆறு பேரும் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்தார்கள், அழுகாத மரக்கறியைப் பொறுக்கி ஒரே சட்டியில் சமைத்தார்கள். வேலை இல்லாத அந்த நாட்களுக்கும் அவர் பாதிச் சம்பளம் போட்டார், முழுச் சம்பளம் போட அவரிடமும் காசு இல்லை. அதை ஒளிக்காமல் கொப்பியைத் திறந்து கணக்கைக் காட்டியே சொன்னார். ரோடு திறந்தபோது ஒன்பது பேரும் வந்து நின்றார்கள்.

நீங்களும் மாதம் ஒரு தடவை அந்தக் கொப்பியைத் திறந்து காட்டுங்கள் அண்ணா, எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று. பிள்ளைகளுக்கு அறை கட்ட வசதி இல்லை என்றால் பக்கத்துத் தோட்டத்துச் சிறுவர் நிலையத்தில் உங்கள் ஆட்களின் பிள்ளைகளையும் சேர்ப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள், பால்மாவும் பிஸ்கட்டும் நான் தருகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். அப்புறம், கொட்டிலில் ஒரு கேத்தலும் பத்துக் கோப்பையும் வாங்கி வையுங்கள். ஒன்பது அவர்களுக்கு, ஒன்று உங்களுக்கு.